ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் வீட்டுக்கு வந்தால்: முதல் மாதத்துக்கான முழுமையான வழிகாட்டி

அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கதவைத் திறந்ததும், டிரம்மின் வாயைச் சுற்றியிருந்த சாம்பல் நிற ரப்பர் மடிப்புக்குள் என் அம்மா விரலை விட்டுப் பார்த்தார். விரல் ஈரமாக வெளியே வந்தது. யாரோ நாலு நாள் துவைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த மெஷினை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அன்று மாலை வரை அவர் நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் தொழிற்சாலையிலேயே தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகுதான் இவற்றை அனுப்புகிறார்கள். அந்தத் தண்ணீரில் சில துளிகள் மடிப்பில் தங்கிவிடுவது வழக்கம்.

ஃப்ரண்ட் லோடு மெஷினின் முதல் சில வாரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கழிகின்றன. பழுது என்று நாம் பயப்படுவதில் பாதிக்கு மேல் அதன் இயல்பாக இருக்கும். இயல்பு என்று விட்டுவிடுவதில் ஒன்றிரண்டு உண்மையான கோளாறாக இருக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் செமி ஆட்டோமேட்டிக்கில் துவைத்துப் பழகிய வீடு எங்களுடையது. சென்னையின் தெற்குப் புறநகரில், மாடி வீட்டில், போர் தண்ணீரில் காலம் தள்ளுகிறோம். இந்த மெஷின் குறைந்த தண்ணீரிலும் குறைந்த சோப்பிலும் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது; நம் கையோ வாளி நிறையத் தண்ணீருக்கும் நுரை பொங்கும் பவுடருக்கும் பழகியது. இரண்டுக்கும் நடந்த இழுபறியில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

வருவதற்கு முன்: குழாயும் பிளக்கும்

கடையில் எல்லோரும் கிலோவையும் விலையையும் கேட்கிறோம். தண்ணீர் அழுத்தத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் தேவை, சிலவற்றுக்கு இதைவிட அதிகம். உங்கள் மெஷினுக்கு எவ்வளவு என்பது கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் தருவது ஏறத்தாழ 1 பார் அழுத்தம் என்பதால், 0.3 பார் வேண்டுமானால் டேங்கில் நிற்கும் தண்ணீரின் மட்டம் மெஷின் குழாயிலிருந்து 3 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. மேல் மாடியில் இருப்பவர்களுக்கு, தலைக்கு மேலேயே மொட்டை மாடி, அதன் மேல் டேங்க் என்று இருப்பதால், டேங்க் பாதி காலியாகும்போது இந்த உயரம் கிடைப்பதில்லை.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மெஷின் பொருத்தப்போகும் குழாயின் கீழ் 10 லிட்டர் வாளியை வைத்து, குழாயை முழுவதும் திறந்து, கைபேசியில் நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில், தப்பினால் ஒன்றேகால் நிமிடத்தில் நிறைந்துவிட்டால் கவலையில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்தால், குழாயின் வாயில் அடைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சிறிய பிரஷர் பம்ப் வைப்பதைப் பற்றிப் பிளம்பரிடம் பேசிவிடுவது நல்லது. டேங்க் நிறைந்திருக்கும் காலையில் ஒருமுறையும், காலியாகும் மாலையில் ஒருமுறையும் இதைச் செய்து பார்க்க வேண்டும். நான் காலையில் மட்டும் பார்த்து ஏமாந்தேன்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, உள்ளே இருக்கும் ஹீட்டர் ஏறக்குறைய 2000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 6 ஆம்ப் சின்ன பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் உதவாது. தனியாக 16 ஆம்ப் பவர் பிளக் வேண்டும், அதில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிட வேண்டும். ஈரக் கையோடு தொடும் இரும்புப் பெட்டி இது என்பதால் எர்த் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பொருத்தும் நாளில் உடன் நின்று பார்க்க வேண்டியவை

கொண்டுவந்து இறக்குபவர்கள், "பிளக்கை மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டுப் போகிறோம்" என்று உதவ முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். மெஷினின் பின்புறத்தில் மூன்று அல்லது நான்கு நீளமான டிரான்சிட் போல்ட்டுகள் இருக்கும். உள்ளே இருக்கும் தொட்டி ஸ்பிரிங்குகளில் தொங்குவது. அது ஆடி அடங்குவதற்காகவே கான்கிரீட்டில் கனமான கட்டிகளை அதனோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். வண்டியில் வரும்போது அந்தத் தொட்டி குலுங்காமலிருக்கத்தான் இந்தப் போல்ட்டுகள். அவற்றைக் கழற்றாமல் ஸ்பின் ஓடவிட்டால் மெஷின் இடத்தைவிட்டு நடக்கும். உள்பாகங்கள் சேதமடையவும் கூடும். டெக்னீஷியன் கழற்றும்போது எண்ணிப் பாருங்கள், ஓட்டைகளைப் பிளாஸ்டிக் மூடிகளால் அடைக்கச் சொல்லுங்கள், போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு பில்லோடு சேர்த்து வையுங்கள். வீடு மாறும்போது அவை மறுபடியும் வேண்டும்.

அடுத்தது மட்டம். நான்கு கால்களும் தரையில் அழுந்த நிற்க வேண்டும். மேல்பலகையில் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்தபின், எதிரெதிர் மூலைகளில் கையை ஊன்றி மாற்றி மாற்றி அழுத்துங்கள். இம்மியளவு ஆட்டம் இருந்தாலும், ஸ்பின்னில் நிமிடத்துக்கு 1200 சுற்றில் அது பெரிய அதிர்வாகிவிடும். காலின் உயரத்தைச் சரிசெய்தபின் அதன் மேலுள்ள லாக் நட்டை மேல்நோக்கி இறுக்க வேண்டும். இதை மறந்துவிட்டால் பத்து நாளில் கால் தானாகவே இறங்கிவிடும். சக்கரம் வைத்த ஸ்டாண்டை அன்றே விற்கப் பார்ப்பார்கள். அறுபது எழுபது கிலோ எடையுள்ள ஒன்றை, நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் சுழலும் டிரம்மோடு சக்கரத்தின் மேல் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை, வாங்கவில்லை. எலி நடமாட்டமுள்ள வீடுகளில், அடிப்பக்கத்தில் எலி வலை வந்திருக்கிறதா என்று கேட்டுப் பொருத்திக்கொள்வது அதைவிடப் பயனுள்ளது.

மூன்றாவது, எங்களை இரண்டு நாள் அலைக்கழித்த டிரெய்ன் ஹோஸ், அதாவது கழிவுத் தண்ணீர் வெளியேறும் குழாய். பொருத்த வந்தவர் அதை நேராகக் குளியலறைத் தரையில் உள்ள ஜாலியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். மெஷின் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருந்தது, நிறையவே இல்லை. நாற்பது நிமிடம் கழித்துத் தண்ணீர் வரவில்லை என்ற பிழைக்குறியைக் காட்டி நின்றது. குழாயில் தண்ணீர் தாராளமாக வந்துகொண்டிருந்தது. டெக்னீஷியனைத் திரும்ப வரவழைக்க நான்கு முறை போன் செய்தும் நாள்தான் போயிற்று. கடைசியில் தெருமுனைப் பிளம்பர் வந்து ஒரே பார்வையில் சொன்னார்: "சார், டியூப் போட்டுக் கேனிலிருந்து டீசல் எடுக்கிற மாதிரி ஓடுது." ஹோஸின் முனை தாழ்ந்து கிடந்தால், உள்ளே நிறையும் தண்ணீர் மோட்டார் ஓடாமலேயே தானாக இழுத்துக்கொண்டு வெளியேறிவிடும். பொதுவாகக் கையேடுகள் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரம் கேட்கின்றன. அவர் ஹோஸைச் சுவரில் இரண்டரை அடி உயரத்தில் கிளிப் அடித்து, வளைத்து, அங்கே ஒரு குழாய்க்குள் இறக்கினார். குழாயின் வாயை டேப் சுற்றி அடைக்காமல் காற்றுப் போக இடைவெளி விட்டதையும் கவனித்தேன். அடைத்துவிட்டாலும் இதே உறிஞ்சல் நடக்கும்.

துணி இல்லாமல் முதல் ஓட்டம்

முதல் முறை டிரம்மை வெறுமையாக ஓட்ட வேண்டும். டப் கிளீன் என்ற தேர்வு இருந்தால் அதை, இல்லையென்றால் காட்டன் 60 டிகிரியைத் தேர்ந்து, மெயின் வாஷ் அறையில் இரண்டு ஸ்பூன் சோப்பு மட்டும் போடுங்கள். தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கும் ரப்பர் வாடையும் இதில் போகும். அதைவிட முக்கியமாக, தண்ணீரை உள்ளே கொண்டுவரும் இன்லெட் ஹோஸின் இரு முனைகளிலும் கசிவு இருக்கிறதா என்பதை இந்த ஓட்டத்தில்தான் பார்க்க முடியும். இணைப்புகளுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் வட்டம் தெரிந்துவிடும்.

சோப்பு: எது, எவ்வளவு, எங்கே

கையால் துவைக்கும் பவுடரை இதில் போடவே கூடாது. அது நுரைப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஃப்ரண்ட் லோடில் துணி மேலே போய்க் கீழே விழுந்து அடிபடுவதால்தான் அழுக்குப் போகிறது. நுரை மெத்தை போல நடுவில் நின்றால் அந்த அடி துணிக்குக் கிடைக்காது. நுரை மிகுந்தால் மெஷின் கூடுதலாக அலசும், நேரம் நீளும், டிராயர் வழியாக நுரை வெளியே வருவதும் உண்டு. ஃப்ரண்ட் லோடு என்று உறையில் அச்சிட்ட பவுடரையோ லிக்விடையோ வாங்குங்கள்.

டிராயரில் மூன்று அறைகள் இருக்கும். ஒற்றைக் கோடு ஊறவைக்கும் முன்கழுவலுக்கு, இரட்டைக் கோடு மெயின் வாஷுக்கு, பூப்போன்ற குறி துணிக்கு வாசனை தரும் கண்டிஷனருக்கு. என் அப்பா முதல் வாரம் முழுவதும் லிக்விடைப் பூப் படத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அறையில் ஊற்றுவதெல்லாம் கடைசி அலசலில்தான் போகும். துணி வெறும் தண்ணீரில் துவைபட்டு, சோப்போடு வெளியே வந்தது.

அளவுக்கு உறையில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் தண்ணீரைப் பாருங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் கோயம்புத்தூர் வீட்டில் அரை மூடி லிக்விட் செய்யும் வேலைக்கு, எங்கள் போர் தண்ணீரில் ஒரு மூடிக்கு மேல் தேவைப்படுகிறது. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் ஒரு பகுதியைத் தம்மோடு பிணைத்துக்கொள்வதே காரணம். உறையில் சொன்னதில் பாதியில் தொடங்கி, மூன்று துவைப்புகளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். ஈரத் துண்டைக் கடைசியில் கையால் பிழியும்போது வழவழப்பு இருந்தால் சோப்பு அதிகம். காய்ந்த துண்டு முறுக்கு மாதிரி விறைத்து, வெள்ளைத் துணி சாம்பல் பூத்தால் பெரும்பாலும் தண்ணீரின் கடினத்துக்குச் சோப்பு போதவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தண்ணீரைச் சோதிக்கிறேன் என்று வருபவர்கள் டிடிஎஸ் மீட்டரை நீட்டி, காட்டும் எண்ணைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் அளவு. ஹீட்டரில் படிவதும் சோப்பைத் தின்பதும் கடினத்தன்மை. இரண்டும் ஒன்றல்ல. இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் தனியாகவே வகுத்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக விட்டு நிறமாற்றம் பார்க்கும் சோதனைக் கிட் ஒன்றை வாங்கி நீங்களே பார்த்துக்கொள்ளலாம். குழாயில் மாட்டும் சிறிய மணிக் குப்பி உப்புப் படிவதை ஓரளவு தடுக்குமே தவிர, தண்ணீரை மென்னீராக்காது. அதற்கு உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர் தேவை. எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லாததால், ஹீட்டரில் படிவதைக் கரைக்கும் டீஸ்கேலிங் பவுடரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெறும் டிரம்மில் ஓட்டுவது என்று முடிவு செய்தோம். அந்த ஓட்டத்தில் பிளீச்சிங் எதையும் சேர்க்கவே கூடாது. இந்தப் பவுடர் அமிலத் தன்மை உடையது; அமிலமும் பிளீச்சும் கலந்தால் நச்சு வாயு வரும்.

பவுடர் போடுபவர்கள், துவைத்து முடிந்ததும் டிராயரை இழுத்துப் பாருங்கள். மூலையில் ஈரக் களியாகப் பவுடர் தங்கியிருந்தால் அது பவுடரின் குற்றமில்லை. அழுத்தம் குறைந்த தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகவில்லை. எங்கள் மாலை நேரத்துத் தண்ணீரை எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தக் களிதான்.

துணி போடும் முறை

7 கிலோ மெஷின் என்றால் 7 கிலோ உலர்ந்த பருத்தித் துணி. சிந்தெடிக் என்ற தேர்வில் அதில் பாதிதான் போட வேண்டும். நிறுத்துப் பார்க்க முடியாதபோது, துணிகளை உதறித் தளர்வாகப் போட்டபின் டிரம்மின் மேல்விளிம்புக்கும் துணிக்கும் நடுவே உள்ளங்கையை நிமிர்த்தி நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். டிரம்மைத் திணித்து நிரப்பினால் துணி விழ இடமிருக்காது. ஒரே ஒரு பவானி ஜமக்காளத்தை மட்டும் போடுவதும் தவறு: நனைந்ததும் அது ஒரு பக்கமாக உருண்டு கனக்கும், மெஷின் சமநிலை கிடைக்காமல் ஸ்பின்னைத் தொடங்கித் தொடங்கி நிறுத்தும். கூட இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் சரியாகிவிடுகிறது.

பாவாடை நாடாவை உள்ளே விட்டு முடிச்சிடாவிட்டால், அது நான்கு சட்டைகளைச் சேர்த்துப் பின்னி, பிரிக்கவே கால் மணி நேரம் பிடிக்கும் வடமாக்கிவிடும். பிளவுஸ் ஹூக்குகளை மாட்டி, உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள். புடவையில் குத்திய ஊக்கு, சட்டைப்பையில் சில்லறை, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் எடுங்கள். தலையணை உறையின் வாய் திறந்திருந்தால் கைக்குட்டைகள் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். காணவில்லை என்று தேடும் முன் அங்கே பாருங்கள்.

சுங்குடிப் புடவை, புதுக் கைலி போன்றவற்றின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்காமல் மற்ற துணியோடு சேர்க்க வேண்டாம். சரிகை வைத்த பட்டுப் புடவையைப் பற்றிப் பேச்சே இல்லை. அது டிரை கிளீனிங்குக்கு. வேட்டிக்குக் கஞ்சியும் நீலமும் வேண்டுமென்றால், துவைத்து எடுத்தபின் வாளியில் போடுவதே நல்லது, கஞ்சி தொட்டியின் உட்புறத்தில் படிந்து பின்னாளில் நாற்றமெடுக்கும். அதே வேட்டிக்கு ஸ்பின்னை 800க்குக் குறைத்தால் இஸ்திரி போடுவது எளிதாகிறது.

கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கும் முதல் வாரம்

"தண்ணியே இல்லாம எப்படிடா துவைக்கும்?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. கண்ணாடியின் அடிவிளிம்பைத் தாண்டித் தண்ணீர் தெரியாதது இயல்பு. துணி ஊறிய பின் அடியில் சிறிதளவே நிற்கும்படிதான் மெஷின் அளந்து எடுக்கிறது. வாளியால் மொண்டு டிராயரில் ஊற்றாதீர்கள், எங்கள் வீட்டில் அதுவும் நடந்தது. தொடக்கத்தில் டிரம் கொஞ்சம் சுற்றி நின்று சுற்றுவது துணியின் எடையைக் கணிப்பதற்காக. காட்டும் நேரம் அதற்குப் பிறகும் கூடிக் குறையும். காட்டன் 60க்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆவதும் இயல்பே. பதினைந்து நிமிடத் தேர்வு, போட்டுக் கழற்றிய ஒன்றிரண்டு சட்டைகளைப் புதுப்பிக்க மட்டும் உதவும். முடிந்தவுடன் கதவு திறக்காவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், பூட்டு விடுபட ஓரிரு நிமிடம் பிடிக்கும்.

பிழைக்குறிகளைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. எல்ஜி மெஷின்களில் ஐஇ என்றால் தண்ணீர் வரவில்லை, ஓஇ என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, யுஇ என்றால் சமநிலை இல்லை. மற்றவற்றுக்குக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அட்டவணை இருக்கும். உடனே நிறுத்தி டெக்னீஷியனை அழைக்க வேண்டியவை வேறு: தொட்டால் கையில் சுர்ரென்ற மின்னுணர்வு, பிளக் சூடாவது, கருகிய வாடை, மட்டம் சரியாக இருந்தும் ஒவ்வொரு ஸ்பின்னிலும் உலோகம் மோதும் சத்தம், அடிப்பக்கக் கசிவு.

வெப்பத்தைப் பற்றி ஒரு கணக்கு. மெயின் வாஷுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அதை 28 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற ஏறத்தாழ 0.56 யூனிட் ஆகும். 40 வரை மட்டும் என்றால் 0.21 யூனிட். நம் ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருப்பதால் 40 டிகிரித் துவைப்புக்கு மின்சாரம் அதிகம் போவதில்லை; அன்றாடத் துணிக்கு அதையே வைத்திருக்கிறோம், படுக்கை விரிப்புக்கும் துண்டுக்கும் மட்டும் 60. இதன் மறுபக்கமும் உண்டு. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடி டேங்கிலிருந்து வருவது, நீங்கள் கோல்டு என்று தேர்ந்தாலும் சுடுதண்ணீர்தான். மெஷினால் தண்ணீரைச் சூடாக்க முடியும், குளிர்விக்க முடியாது. சாயம் போகும் துணியை அந்தப் பருவத்தில் விடியற்காலையில் துவையுங்கள்.

ரப்பரும் ஃபில்டரும்

துவைத்து முடித்ததும் ரப்பர் மடிப்பை, குறிப்பாகக் கீழ்ப்பகுதியை, உலர்ந்த துணியால் துடைத்துக் கதவையும் டிராயரையும் சற்றுத் திறந்து வையுங்கள். மூடி வைத்த மெஷினில் சில வாரங்களில் கரும்புள்ளிப் பூசணமும் ஊறல் வாடையும் வந்துவிடும். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் காற்றுப் போகுமளவு மட்டும் திறந்து, கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

முன்புறம் கீழே சிறிய கதவுக்குப் பின் டிரெய்ன் ஃபில்டர் இருக்கிறது. மாத முடிவில் அதைத் திறக்கும் முன் மெஷினை அணைத்து, உள்ளே சூடான தண்ணீர் இல்லை என்று உறுதிசெய்து, தட்டையான தாம்பாளத்தை அடியில் வையுங்கள். பக்கத்திலுள்ள சிறு ரப்பர் குழாயின் மூடியை எடுத்தால் மிச்சத் தண்ணீர் வடியும், அதன் பிறகே பெரிய மூடியை இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். எங்கள் முதல் அறுவடை: ஓர் இரண்டு ரூபாய் நாணயம், மூன்று பிளவுஸ் ஹூக், ஒரு பல் குத்தும் குச்சி, கைப்பிடி நூல் பஞ்சு. குழாய்த் தண்ணீரில் அலசி, உள்ளே விரலால் தடவி எதுவும் சிக்கியிருக்கவில்லை என்று பார்த்து, மூடியை நேராக வைத்து இறுதிவரை இறுக்குங்கள். மரை ஏறிப்போய்க் கோணலாக மாட்டினால் அடுத்த துவைப்பில் தரை நனையும். அந்த ஒரு துவைப்புக்கு மட்டும், செய்தித்தாளை மறுபடி அடியில் விரித்து வையுங்கள்.